சவர்க்காரப்பெட்டிக் கார்கள் ஆருடைய யோசனை என்பது பற்றி

என் பெயர் சண்முகலிங்கம் தில்லைநாயகி. வயது அறுபத்துமூன்று. கணவர் சண்முகலிங்கம் காலமாகிவிட்டார். பிறந்ததும் வாழ்ந்ததும் புங்குடுதீவு. இப்போது இருப்பது பெர்ன் நகரம், பூம்ப்ளிஸ், ரயில் பாதைக்குக் கிட்டவுள்ள மாடிக்கட்டடம், ஐந்தாம் மாடி. என்னோடு இருப்பவர்கள் மகன் மகேந்திரன், மருமகள் யசோதரா, பேத்தி ஒருத்தி. சமயம் சைவம். தொழில் இல்லை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க எனக்கு விருப்பம் இருந்தது, வீட்டில் விடவில்லை.

இன்று 1988 ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் திங்கட்கிழமை. எனக்கு எழுத வாசிக்கத் தெரியும் என்றபடியால் என் கையாலேயே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன், பொலிஸ் ஐயா சம்மதித்தார். மொழிபெயர்ப்புக்கு ஃப்ரிபூர்க்கில் இருந்து வந்திருக்கும் திரேசா என்ற பிள்ளை அவர் கேட்பதை எனக்குச் சொல்லுகிறா. நான் எழுதுவதை அவ பிறகு டொச்சுக்கு, அதாவது ஜெர்மன் மொழிக்கு, மாற்றுவா. முன்னம் இதே விசயத்தில் சாட்சி கேட்ட வேறொரு தாய் கைநாட்டு வைத்ததாகக் கேள்விப்பட்டேன். நான் ஒப்பம் வைப்பேன்.

எழுதத் தொடங்க முதல் எனக்குச் சொல்லப்பட்டது என்னவென்றால், பெற்ற பிள்ளைக்கு எதிராகத் தாய் சாட்சி சொல்லத் தேவையில்லை என்று இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, நான் வாய் திறக்காமல் எழும்பிப் போகலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். அதன் பிறகு திரேசா தன்பாட்டில் ஒன்று சொன்னா. மகேந்திரனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, இந்தக் கார் விசயத்தில் அவன் பெயர் வந்தால் அந்த வழக்குக்கும் இடைஞ்சல் வரலாம், அவனோடு சேர்ந்த வழக்கு என்றபடியால் எனக்கும் யசோதராவுக்கும் வரலாம் என்று சொன்னா. இரண்டும் எனக்கு வடிவாக விளங்கியது. என்னை ஒருவரும் வெருட்டவில்லை, கூட்டிக்கொண்டு வரவும் இல்லை. நானாகப் பஸ் ஏறி வந்தேன்.

இதில் சொல்லப்படும் கார் சின்னக் கார், நாலு கதவு, மூலையெல்லாம் சதுரம். இத்தாலியில் சாதாரண சனங்கள் ஓடுகிறது. சுவிஸில் ஒரு கடையிலும் விற்கிறதில்லை, விற்றதும் இல்லையாம். இங்கத்தைய ஆட்களுக்கு அப்படி ஒரு கார் உலகத்தில் இருப்பதே தெரியாது. அதன் சரியான பெயர் என் வாயில் வராது. சோப்புக்கட்டி வருகிற பெட்டி மாதிரி என்று எங்கள் ஆட்கள் சவர்க்காரப்பெட்டி என்றுதான் சொல்லுவார்கள். அப்படி ஐந்து கார் இந்த நாட்டுக்குள் வந்தது. அவற்றைக் கொண்டுவந்தது, கார் சோதனைக்காரரை ஏமாற்றியது எல்லாம் மூன்றாம் மாடியில் இருக்கும் இரத்தினம்மாவின் மகன் தவராஜா என்று உங்கள் தாள்களில் எழுதியிருக்கிறது. அது பிழை. நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

என் மகன் 1984 இல் ஊரை விட்டு வந்தபோது நேரே சுவிஸுக்கு வரவில்லை. இத்தாலியில் மிலானுக்கு அங்கால், யேசுதாசன் என்ற சினேகிதனோடு சில மாதம் இருந்தவன். இரண்டு பேரும் ஒரு மீன் வியாபாரியிடம் வேலை செய்தார்கள். அந்த வியாபாரியிடம் இருந்தது இந்தக் கார்தான். ஐந்து ஆட்களும் மீன்பெட்டியும் ஐஸும் ஏற்றிக்கொண்டு மலையில் ஏறினது, ஒருநாளும் நின்றதில்லை என்று மகன் சொல்லுவான். அதன் பிறகு அவன் இங்கே வந்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிற வேலை எடுத்தான். எங்கள் ஆட்கள் இரண்டு வேலை, மூன்று வேலை என்று பஸ்ஸுக்கு ஓடுகிறதைப் பார்த்து, இவர்களுக்கு அந்தக் கார்தான் தோது, இங்கே ஒன்று வாங்குகிற காசுக்கு அங்கே இரண்டு வாங்கலாம் என்று சொன்னான். இதை அவன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னான். நான் சோறு போட்டுக்கொண்டு நின்றேன். தவராஜா அந்த இடத்தில் இல்லை. அவனுக்கு அந்தக் காரைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

மகனிடம் இருப்பது வழக்கு முடியாதவர்களுக்குக் கொடுக்கிற அட்டை. அதோடு நாட்டை விட்டு வெளியில் போக ஏலாது. தவராஜா முன்னமே அகதியாக ஏற்கப்பட்டு பி விசா எடுத்தவன், போய் வரலாம். அதனால்தான் மகன் மூன்றாம் மாடிக்கு இறங்கிப்போய் தவராஜாவைக் கேட்டான். அதன் பிறகு நடந்த ஒழுங்கு இது. மகன் யேசுதாசனுக்குத் தொலைபேசியில் கதைப்பான், யேசுதாசன் அங்கே கார் பார்த்து வைப்பான், தவராஜா ரயிலில் போய் அதை ஓட்டிக்கொண்டு வருவான். எல்லையில் தீர்வை கட்டித்தான் வந்தது. களவாக ஒன்றும் வரவில்லை. தவராஜா செய்தது ஓட்டியது மட்டும். ஓட்டுகிறதுக்கு ஆர் என்றாலும் போதும்.

இடைஞ்சல் வந்தது காரைப் பதிய முதல் செய்கிற சோதனையில். இங்கே புதிதாகப் பதிகிற கார்களுக்குப் புகையைச் சுத்தமாக்குகிற பெட்டி ஒன்று அடியில் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதாம். இத்தாலிக் காரில் அது இல்லை. தனியாக வாங்கிப் பூட்டினால் கார் வாங்கிய இலாபம் முழுக்க அதற்கே போய்விடும். முதல் கார் வந்து நிற்கிறது, பதிய வழியில்லை. அன்றைக்கு இரண்டு பிள்ளைகளும் எங்கள் வீட்டில் இருந்து யோசித்தார்கள். தவராஜா தலையைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தான். அப்போது மகன் என்னுடைய பதக்கஞ்சங்கிலியைப் பற்றிச் சொன்னான்.

அதை விளங்கப்படுத்தும்படி பொலிஸ் ஐயா கேட்கிறார். எங்கள் ஊரில் கலியாணம் என்றால் நகை இல்லாத வீடு இரவல் வாங்கும். என்னுடைய பதக்கஞ்சங்கிலி எங்கள் வட்டாரத்தில் பேர்போனது. கலியாணத்துக்கு முதல்நாள் வந்து வாங்கிப் போவார்கள், மறுநாள் மஞ்சள் மணத்தோடு திரும்பி வரும். ஒரு சங்கிலியைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணவறையில் இருந்தார்கள். படத்தில் பார்த்தால் எல்லாரும் வசதியான ஆட்கள். அதை மாப்பிள்ளை வீட்டார் பிழையாக எடுக்கிறதில்லை. எங்களில் இது களவு இல்லை, உதவி.

மகன் சொன்னது இதுதான். "அம்மான்ரை சங்கிலி மாதிரி ஒரு பெட்டி காணும். எல்லாக் காரும் மாறி மாறிப் போடட்டும்."

மருமகள் யசோதரா, "கார் என்ன கலியாணமே கட்டப் போகுது? சோதினைக்கெல்லோ போகுது," என்றா.

"ரெண்டும் ஒண்டுதான். அண்டைக்கு ஒருநாள் வடிவாய் இருந்தால் சரி," என்று மகன் சொன்னான். தவராஜா அப்போதுதான் தலையை நிமிர்த்திச் சிரித்தான்.

அதன் பிறகு மகன் பழைய கார் உடைக்கிற இடத்தில் அப்படியொரு பெட்டி தேடி எடுத்தான். ஒரு கமக்காரனுடைய மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்து அறையை வாடகைக்குப் பிடித்து, அதில் வைத்துக் காருக்குப் பூட்டினான். கார் சோதனைக்குப் போய்ச் சரிவந்தது. வந்தவுடன் பெட்டியைக் கழற்றி நேர்க்குழாய் ஒன்று பூட்டி, பெட்டியை அடுத்த காருக்கு எடுத்துவைத்தான். ஐந்து காருக்கும் இப்படித்தான். பூட்டினதும் கழற்றினதும் என் மகன். எண்ணெய் பட்ட அவனுடைய உடுப்பை நான்தான் கையால் தோய்த்தேன், மிசினில் போட்டால் பேத்தியின் பள்ளிக்கூட உடுப்பும் கறுத்துவிடும். தவராஜாவின் உடுப்பில் எண்ணெய் பட்டதா என்று அவனுடைய தாயைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் காரைத் தவராஜா தனக்கு எடுத்தான். ஏன் முதல் காரை உங்கள் மகன் எடுக்கவில்லை என்று கேட்கப்பட்டது. அகதி வழக்கு முடியாதவன் முதல் ஆளாகக் கார் ஓடினால் கண்ணில் குத்தும், ஆட்கள் மொட்டைக் கடிதம் எழுதிப்போடுவார்கள் என்று மகன் பயந்தான். நானும் அதைக் கேட்டேன். "அம்மா, அவன்ரை பேர் வெளியிலை இருக்கட்டும், என்ரை மூளை உள்ளுக்கை இருக்கட்டும்," என்று சொன்னான்.

முதல் காருக்குப் பூசை கட்டடத்துக்கு முன்னால் கார் விடுகிற இடத்தில் நடந்தது. சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். இரத்தினம்மா கூறைச்சேலை மாதிரி ஒன்று உடுத்திக்கொண்டு ஆலாத்தித் தட்டோடு வந்தா. மற்றப் பக்கம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். நான் பக்கத்தில் நின்றேன், கையை நீட்டினேன். அவ என்னுடைய நெற்றியைப் பார்த்தா. அதன் பிறகு, "அக்கா, நீங்கள் கால் நோவோடை நிக்காதேங்கோ, அங்காலை இருங்கோ," என்று சொல்லி யசோதராவைக் கூப்பிட்டா. எனக்குக் கால் நோ இல்லை. புருசன் இல்லாதவள் தட்டுத் தொடக்கூடாது என்பது எனக்கும் தெரிந்த முறைதான். அவவுடைய புருசன் சச்சிதானந்தன் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் போய்ப் படியில் இருந்தேன்.

அதன் பிறகு அவ எங்கே போனாலும் காரின் முன் ஆசனத்தில் போனா. பூம்ப்ளிஸ் கடைத்தெரு நடந்துபோகிற தூரம், அதற்கும் கார்தான். கண்ணாடியைப் பாதிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு இருப்பா, மழையிலும் அப்படித்தான். என்னைக் கண்டால் காரை நிறுத்தச் சொல்லுவா. "ஏறுங்கோ அக்கா, என்னத்துக்குக் காவிக்கொண்டு நடக்கிறியள்?" என்று கேட்பா. ஏறாவிட்டால் பெருமைக்காரி என்று சொல்லுவார்கள் என்று நான் ஏறுவேன். பின் ஆசனத்தில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருப்பேன். என் மகன் பூட்டின கார். அவ தலையைத் திருப்பாமல் முன் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக்கொண்டு கதைப்பா.

இரத்தினம்மாவோடு உங்களுக்குக் கோபமா என்று பொலிஸ் ஐயா கேட்டார். இல்லை என்று சொன்னேன். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிற ஆட்கள், கோபித்து என்ன செய்கிறது.

இரண்டாம் கார் ரெனானில் இருக்கும் நித்தியானந்தன் என்பவருக்குப் போனது. மற்ற இரண்டும் ஆருக்குப் போனது என்று உங்களிடம் எழுதியிருக்கிறது. வாங்க வந்த ஆட்கள் எல்லாரும் மூன்றாம் மாடி மணியைத்தான் அடித்தார்கள். சிலர் தெரியாமல் ஐந்தாம் மாடிக்கு வந்து, "இது கார்க்காரத் தவராஜா வீடோ?" என்று என்னைக் கேட்டார்கள். கீழே என்று நான் கையைக் காட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சாமிப்படம் வைத்துக் கும்பிடுகிற ஒரு நிலவறை இருக்கிறது. அங்கேயும் தவராஜாவைச் சுற்றித்தான் ஆட்கள். என் மகன் சுண்டல் கோப்பைகளைச் சேர்த்துக் கழுவப் போட்டான். வேலையிலும் கோப்பை, சாமி கும்பிடப் போன இடத்திலும் கோப்பை.

ஐந்தாவது கார் எங்களுக்கு. ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பூசை வைத்தோம். இந்த முறை பூசணிக்காய் உடைக்கவேண்டும் என்று நான் சொன்னேன். இத்தனை கார் வந்திருக்கிறது, இத்தனை பேருடைய கண் பட்டிருக்கிறது, தேங்காய் மட்டும் காணாது. மகன் வேண்டாம் என்றான். நான் விடவில்லை. நீற்றுப் பூசணி இங்கே கிடையாது, தெருவோரத்தில் கமக்காரர் அடுக்கி வைத்து விற்கிற செம்மஞ்சள் பூசணியில் பெரிதாக ஒன்று வாங்கினோம். எங்கள் முறை என்னவென்றால், காயின் மேலே ஒரு துண்டு வெட்டி, உள்ளே குங்குமமும் சுண்ணாம்பும் தண்ணியும் விட்டு, காரை மூன்று முறை சுற்றி, முன்னால் ரோட்டில் போட்டு உடைக்கிறது. வழக்கமாக ஒரு கரண்டிக் குங்குமம் போடுவார்கள். நான் ஒரு கடதாசிச் சரை முழுக்கப் போட்டேன். ஆலாத்தித் தட்டை யசோதராவும் நிலவறைக்கு வருகிற ராஜேஸ்வரி என்ற பிள்ளையும் பிடித்தார்கள், முன்னமே நான் அப்படி ஒழுங்கு செய்திருந்தேன். இரத்தினம்மா தட்டுப் பிடிக்கிறதுக்கென்று உடுத்திக்கொண்டு இறங்கி வந்தா. "ஆள் இருக்கு இரத்தினம், நீங்கள் நில்லுங்கோ," என்று சொன்னேன். அவ கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

மகன் காயைத் தலைக்கு மேலே தூக்கி உடைத்தான். நல்லாய்ப் பழுத்த காய். சிவப்புத் தண்ணி ரோட்டிலும் சுவரிலும் அவனுடைய வெள்ளைச் சட்டையிலும் அடித்தது. தசைத்துண்டு மாதிரிக் கிடந்தது. இரண்டாம் மாடியில் இருக்கும் சுவிஸ் கிழவி ஒருவ சாளரத்தால் பார்த்துவிட்டு, கறுத்த ஆட்கள் வாசலில் ஆரையோ வெட்டிப்போட்டார்கள் என்று உங்களுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறா. அவவில் பிழை இல்லை. மேலே இருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு பொலிசார் வந்தார்கள். ஒருவர் இளம் ஆள். பேத்தி அவர்களோடு டொச்சில் கதைத்து இது பூசணிக்காய் என்று காட்டினா. அவர் விரலால் தொட்டு மணந்து பார்த்தார், அதன் பிறகு சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். கழுவிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகப் பார்த்தவர், காருக்குக் கீழேயும் சிவப்பு ஓடியிருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமெடுத்தது. பிறகு பக்கத்தில் நின்ற தவராஜாவின் காருக்குக் கீழேயும் குனிந்தார். இரண்டிலும் ஒரே மாதிரி நேர்க்குழாய், ஒரே மாதிரிப் புது ஆணி. அவருடைய தமையன் கார் திருத்துகிற ஆளாம். பெட்டி எங்கே என்று கேட்டார்.

என் மகன் குங்குமம் பட்ட சட்டையோடு நின்றான். அப்போது தவராஜா முன்னுக்கு வந்து, எல்லாம் தான் செய்தது, மகேந்திரன் தன்னிடம் கார் வாங்கிய ஆள் மட்டும், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று டொச்சில் சொன்னான். எனக்கு டொச் விளங்காது. பேத்தி சொல்லித்தான் விளங்கியது. அதன் பிறகு இரண்டு காரையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குப் பிறகு இரண்டு பிள்ளைகளும் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தவராஜாவுக்கு விசா இருக்கிறது, குற்றக்காசு கட்டலாம், கொஞ்சக் காலம் உள்ளே இருந்தாலும் திருப்பி அனுப்பமாட்டார்கள். மகேந்திரனுக்கு அப்படி இல்லை. ஆகவே தவராஜாவே ஏற்கட்டும் என்று. மகன் எனக்கு வந்து சொன்னான். "அம்மா, ஆரும் கேட்டால் ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்." நான் ஓம் என்று சொன்னேன். இதையும் மறைக்கவில்லை, எழுதுகிறேன்.

அதன் பிறகு போன வெள்ளிக்கிழமை நிலவறையில் பூசை முடிய, ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்த் தவராஜாவின் கையைப் பிடித்தார்கள். சினேகிதனுக்காக இப்படிச் செய்கிற பிள்ளை இந்தக் காலத்தில் ஆர் என்று சொன்னார்கள். இரத்தினம்மாவைக் கூப்பிட்டுச் சாமிப்படத்துக்கு முன்வரிசையில் இருத்தினார்கள். நான் தட்டுப் பிடிக்கக் கூப்பிட்ட அந்த ராஜேஸ்வரியே என் காதில் பட, "தவராஜா இல்லாட்டில் இவையின்ரை பாடு என்ன?" என்று மற்றப் பிள்ளைக்குச் சொன்னா. நான் சுண்டலை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை இரத்தினம்மா எங்கள் வீட்டுக்கு வந்தா. கொழுக்கட்டை அவித்துக்கொண்டு வந்தா. வந்தவ என் தோளில் கையை வைத்து, "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. என்ரை பிள்ளை எல்லாத்தையும் தன்ரை தலையிலை போட்டிட்டான். உங்கடை பிள்ளைக்கு ஒரு கீறலும் வராது," என்று சொன்னா. நான் கொழுக்கட்டையை வாங்கி வைத்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவ குடித்துவிட்டு, "நாங்கள் குடுத்து வைச்சனாங்கள் எண்டுதான் நினைக்கிறன், ஒரு பிள்ளையைக் காப்பாத்த," என்றும் சொன்னா. யசோதரா அவவுடைய காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தா. என் மருமகள், என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால். இரத்தினம்மா, "சீ, எழும்பு பிள்ளை," என்றா. ஆனால் காலை இழுக்கவில்லை.

இன்றைக்குக் காலமை மகன் வேலைக்குப் போன பிறகு நான் புறப்பட்டேன். ஆரிடமும் சொல்லவில்லை.

பொலிஸ் ஐயா, நீங்கள் சொல்வதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார். அந்தப் புகைப்பெட்டி இப்போதும் எங்களுடைய நிலக்கீழ் சாமான் அறையில் இருக்கிறது. பேத்தியின் பழைய சறுக்குவண்டிலுக்குப் பின்னால், என்னுடைய சேலை ஒன்றில் சுற்றி மகன் வைத்தான். அந்த அறையின் பூட்டுத் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன். தவராஜாவைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைக் காருக்குப் பூட்டச் சொல்லிப் பாருங்கள். அவனுக்குத் தெரியாது. ஆணி முறுக்குகிற சாவியைப் பிடிக்கிற விதமே தெரியாது. என் மகனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டத் தெரியும்.

இதை எழுதி முடித்தபோது திரேசா தன் கையை என் தாளின் மேல் வைத்து, "அம்மா, இதை இப்பவும் கிழிக்கலாம். போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்து யோசியுங்கோ," என்று சொன்னா. பொலிஸ் ஐயாவும் தலையை ஆட்டினார். நான் அறைக்கு வெளியில் உள்ள நடைக்குப் போனேன். போய் வந்து இதற்குக் கீழே உள்ளதைச் சேர்க்கிறேன். சேர்க்கவேண்டும் என்று நானே கேட்டேன்.

நடையில் சுவரோரம் ஆட்கள் இருக்கப் போட்ட வாங்கில் இரத்தினம்மா இருந்தா. தவராஜாவை இன்றைக்கு மறுபடி விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அவன் வேறொரு அறையில் இருக்கிறான், வந்தால் விடமாட்டார்கள் என்று ஆரோ அவவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவ பொட்டு வைக்கவில்லை. வீட்டுக்குள் போடுகிற செருப்போடு வந்திருந்தா. மடியில் ஒரு துணிப்பை. என்னைக் கண்டு எழும்பினா, பிறகு இருந்துவிட்டா.

"என்னக்கா இஞ்சை?" என்று கேட்டா.

உள்ளதை எழுதிக் கொடுத்தேன், செய்தது மகேந்திரன் என்று எழுதிக் கொடுத்தேன் என்று நான் சொன்னேன். அவ கத்துவா, ஏன் என்ரை பிள்ளையின்ரை பேரைப் பறிக்கிறாய் என்று கேட்பா என்று நினைத்தேன். அதற்கு மறுமொழியும் வைத்திருந்தேன். அவ என்னுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணில் வைத்தா. கை நனைந்தது.

"உங்களுக்கு முன்னாலைதான் அக்கா அப்பிடிக் கதைச்சனான். வீட்டை ஒவ்வொரு நாளும் அவனோடை சண்டை. ஊரான் பிள்ளைக்கு நீ ஏன்டா உள்ளுக்கை போறாய் எண்டு. அவன் கேக்கேல்லை. கடவுளாய் உங்களை அனுப்பினது," என்று சொன்னா.

அவ முகத்தைத் துடைத்துவிட்டு மடியில் இருந்த பையைத் திறந்து எனக்குக் காட்டினா. அதில் கம்பளிச்சட்டை ஒன்று, துவாய், பல்துலக்கி, திருநீற்றுச் சரை. மகனை உள்ளே வைத்தால் கொடுக்கிறதுக்கென்று கொண்டுவந்தது. பிறகு பையைக் கட்டி என்னுடைய கையில் தந்தா.

"இதை மகேந்திரனுக்கு வைச்சிருங்கோ அக்கா. ரெண்டு பேரும் ஒரே பருமன்தானே, அளவாய் இருக்கும்," என்று சொன்னா.

அப்போது அறைக்கதவு திறந்து தவராஜா வந்தான். இன்றைக்குப் போகலாம், கூப்பிட்டால் வரவேண்டும் என்று அவனுக்குச் சொல்லப்பட்டதாகத் திரேசா பிறகு சொன்னா. அவன் என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த பையைப் பார்த்தான். "ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டான். தன் தாயைக் கேட்கிற மாதிரிக் கேட்டான். இரத்தினம்மா அவனைக் கதைக்கவிடாமல் இழுத்துக்கொண்டு போனா. நான் சாளரத்தால் பார்த்தேன். பஸ் வருகிற பக்கம் போனார்கள். அவ்வளவு வளர்ந்த பிள்ளையை ரோடு கடக்கும்போது அவ கையில் பிடித்துக்கொண்டு போனா. அவனும் விட்டுக்கொடுத்துப் போனான்.

நான் திரும்பி அறைக்குள் வந்தேன். ஏதாவது மாற்றவேண்டுமா, கிழிக்கவேண்டுமா என்று பொலிஸ் ஐயா மறுபடி கேட்டார். பெட்டி என் மகனுடைய யோசனை, பூட்டியது என் மகன், அதில் ஒரு சொல்லும் மாற்ற இல்லை என்று சொன்னேன். அவனை எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். இன்றைக்கே என்று சொன்னார். அவனுக்கு வேலை மூன்று மணிக்கு முடியும், பின் கதவால் வருவான், சாப்பிட்டிருக்கமாட்டான். அதையும் எழுதட்டோ என்று கேட்டேன், தேவையில்லை என்றார்கள், என்றாலும் எழுதியிருக்கிறேன். பை என் காலடியில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கம்பளிச்சட்டை மகேந்திரனுக்கு அளவில்லை. அவனுக்குத் தோள் அகலம்.

மேலே எழுதியது முழுக்க நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். கூட்டியதும் இல்லை, ஒளித்ததும் இல்லை. எனக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை. என் எழுத்தை நானே முதலில் இருந்து கடைசி வரை வாசித்துப் பார்த்து, சரியென்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
ச. தில்லைநாயகி
மகேந்திரனின் தாய்